வாசிக்கத் தெரியாதவள் என்று சிரித்தவர்களுக்கு

தவமணி இறந்த செய்தியை அவளுடைய தங்கை தொலைபேசியில் சொன்னாள். "அக்கா போயிற்றா. காய்ச்சலெண்டுதான் படுத்தவ." மறுநாள் தன்னாமுனையில் அவள் வீட்டு வாசலில் ஒரு பதாகை தொங்கியது. 'ஆங்கிலப் புலமையால் மக்களுக்கு ஒளியூட்டியவர்.' கீழே ஒரு நிறுவனத்தின் பெயர். எனக்கு அழுகை நின்றுவிட்டது. கோபம்தான் வந்தது.

அந்த நிறுவனத்தில் நான் முன்பு இலிகிதராக இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. தவமணி புளியந்தீவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றவள். ஆங்கிலத்தை அகராதி பார்த்துத் தானே படித்தவள். பிறர் பேசக் கேட்டது குறைவு. வைத்திய அறிக்கை ஒன்றைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அதில் 'பீ', 'டீ' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொல் ஒன்று இருந்தது. முதல் எழுத்தை உச்சரிக்கக்கூடாது. அவள் தாளில் இருந்த எழுத்துப்படியே 'ப்டெரிஜியம்' என்றாள். கேள்வி கேட்ட மூவரும் சிரித்தார்கள். குறிப்பெடுக்க இருந்த நானும் சிரித்தேன்.

தவமணி தாளை மேசையில் வைத்தாள். "நான் வாசிச்சது பிழையா இருக்கட்டும் சேர். அதுக்குக் கருத்து என்ன? சொல்லுங்க பாப்பம்."

ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது.

மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். "சிரிச்சதுக்கா வந்த நீ? இரிகா," என்று கதிரையைத் தள்ளிவிட்டு, ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாள். அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் சொற்களாகத் தேடி எழுதியிருந்தாள். டோசிஸ், தானாகத் தாழ்ந்துபோகும் கண்ணிமை. டிசான், பார்லிக் கஞ்சி. டார்மிகன், பாதத்திலும் இறகு முளைத்த, பனிக்காலத்தில் வெள்ளையாகும் பறவை.

"அந்த எழுத்தை எழுதுறதும் அவங்கள், வாசிக்காம விடுறதும் அவங்கள். சிரிக்கிறது மட்டும் எங்களைப் பாத்து," என்றாள்.

நாங்கள் சிநேகிதிகளானது அப்படித்தான்.

ஆங்கிலத்தில் எழுதிய அட்டைகளோடு ஊரார் அவளிடம் வருவார்கள். ஒருநாள் நான் கடையில் நின்றபோது, வாவியில் மீன்பிடிக்கும் நாவற்குடாக்காரர் ஒருவர் கிளினிக் அட்டையை நீட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோய் என்று நினைத்து அவர் ஒரு கிழமையாகத் தோணியில் ஏறவில்லை.

"டெரிஜியம் அண்ணன். வெயிலும் காத்தும் பட்டுக் கண்ணில வளர்ற சதை. புற்றுநோய் இல்ல."

"மெய்யா புள்ள?"

"மெய்தான். சொல்லி அனுப்ப அவங்களுக்கு என்ன கேடு?"

அவர் அங்கேயே நிலத்தில் குந்தி அழுதார்.

செத்த வீட்டுக்கு நிறுவனத்தின் சார்பில் ஒருவர் மாலையோடு வந்தார். அன்று சிரித்த மூவரில் ஒருவர். "அவ எங்களுக்கு நெருக்கமானவ," என்றார்.

"நீங்க சிரிச்சது நினைவிருக்கா சேர்? நானும் சிரிச்சனான்," என்றேன்.

தவமணியின் தங்கை என்னைப் பார்த்தாள். "கழட்டுங்க அக்கா," என்றாள். நான்தான் பதாகையை அவிழ்த்து, சுருட்டி, அவர் கையிலேயே கொடுத்தேன்.

தவமணியைத் தெரிந்தவர்கள் அவளைச் சாந்தமானவள் என்று எழுதாதீர்கள். அவள் கோபக்காரி. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான்.