கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர்

ஆரோக்கியம் அண்ணன் தன் காசில் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். டீயெல்லாம் சவாரி வருகிறவர்கள் உபயம். அவர்தான் போன வாரம் எங்கள் மலை ஊரான செண்பகனூர் பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு பன் சாப்பிட்டேன்.

விஷயம் இதுதான். அவர் மகள் ஸ்டெல்லாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சீட் கிடைத்துவிட்டது. என்ன பாடம்? ஆடையியல். துணியைத் தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, விற்பது — எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வருஷம், ஒரு டிகிரி.

"தைக்கிறதுக்குப் போயி காலேஜா சார்?" என்று முதலில் கேட்டவர் இதே அண்ணன்தான். கூடச் சேர்ந்து சிரித்தவன் நான். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை... சரி, கொஞ்சம் இருக்கிறது.

"இந்த ஒரு தடவைதான் பாப்பா. சீட் கெடைக்கலைன்னா பஜார்ல ஸ்வெட்டர் கடை சோலிக்குப் போயிரணும்" என்று கண்டிஷன் போட்டுத்தான் மகளை இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனார். இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

மே மாசக் கோயம்புத்தூர். ஃபேனுக்கு அடியிலும் வேர்த்துக் கொட்டுகிறது. ஹாலில் எல்லோருக்கும் ஒரே அளவெழுதிய சீட்டும் பிரவுன் பேப்பரும் கொடுத்து, ஒரு கோட்டுக்குப் பேப்பர் கட்டிங் போடச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே.

தேர்வு நடத்திய மேடம் ஸ்டெல்லாவின் பேப்பரை டேப் வைத்து அளந்தார்.

"ஏம்மா, மத்தவங்களைவிட ரெண்டு இஞ்ச் கூட இருக்கே. கைக்குழியும் பெருசு. இது கோட்டா, கோணிப்பையா?"

ஹாலே சிரித்தது. அப்படிப் பெரிதாக வெட்டுவது எங்கள் ஊர்க் குளிருக்கான பழக்கம். ஸ்டெல்லாவின் அம்மா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவர். கோட்டு என்றால் உள்ளே ஸ்வெட்டருக்கு இடம் விட்டுத்தான் வெட்டுவார். மகளின் கையும் அதே பழக்கத்தில் வெட்டிவிட்டது.

"வாங்க சார்... வெரசா கெளம்புனா மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

"உள்ள ஸ்வெட்டர் போடணும்ல மேடம்."

"இந்த வெயில்ல யாரும்மா ஸ்வெட்டர் போடறாங்க?"

"இந்த வெயில்ல யாரு மேடம் கோட்டு போடுறாங்க? குளிருற ஊர்லதான் போடுவாங்க. அங்க உள்ள ஸ்வெட்டர் இருக்கும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேடம் மற்ற பேப்பர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார்.

"யாருக்குத் தைக்கிறோம்னு யோசிச்சது இந்தப் பொண்ணு மட்டுந்தான்."

வெட்டத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். போட்டுக்கொள்ளப் போகிறவரை நினைத்து வெட்டுவதற்கு... அதற்குத்தான் கல்லூரி போலிருக்கிறது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பெற்ற தகப்பன் மாதிரி பூரித்துப்போய் நின்றேன். பெற்ற தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் கடிதம் வந்தது. சீட் உறுதி என்று டைப் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே மேடம் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஹாஸ்டலுக்கு ஸ்வெட்டர் தேவையில்லை.'

அண்ணன் அதைக் கேட்பதாக இல்லை. பஜாருக்குப் போய்ப் புது ஸ்வெட்டர் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார் — வாங்கியது, மகளைச் சோலிக்கு அனுப்பவிருந்த அதே கடையில்.