இரவல் கட்டில்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் அவள். எல்லோருக்கும் இஸ்திரியக்கா. தம்பியோடு பேச்சு நின்று நாலு வருஷம். பெண்டாட்டி செத்ததும் அவன் குடியில் விழுந்தான். அவனுடைய ஒன்பது வயது மகளைக் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளையை அந்நியர் வீட்டுக்கு அனுப்புமுன் சொந்தபந்தத்தைத் தேடிப் பார் என்று இப்போது புதுச்சட்டம். "உனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டதற்கு, "சுடுதுணி வாசம் அடிக்கிற அத்தை" என்றதாம் பிள்ளை. அதைப் பிடித்துக்கொண்டு சலவைக்கூடம் சலவைக்கூடமாக ஏறி இறங்கித்தான் இவளைக் கண்டுபிடித்தாள் குழந்தைகள் நல ஆபீசர் பெண்.

வீட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். இஸ்திரியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒற்றை அறை. கீழ்வீட்டு டெய்லரிடம் கட்டில், எதிர்வீட்டில் மேசை, யார் யாரிடமோ பொம்மைகள். வாங்கி வந்து அடுக்கினாள். ஆபீசர் கொடுத்திருந்த படிவத்தில் 'என்ன உதவி தேவை' என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள். சொந்த ரத்தத்துக்குச் செய்ய ஊரான்கிட்டே கை நீட்டுவதா?

ஆபீசர் கட்டிலில் உட்கார்ந்து படிவத்தைப் புரட்டும்போதே டெய்லர் வந்து நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. சொல்லாம கொள்ளாம மாமியார் வந்து இறங்கிட்டாங்க. கட்டில் வேணுமே."

ஆபீசர் எழுந்து ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். கட்டில் படியிறங்கிப் போனது. இஸ்திரியக்காவுக்கு மானம் கப்பலேறியது. பிள்ளையும் போச்சு என்று நினைத்தாள்.

"கட்டில் இல்லேன்னா நாங்க தருவோம், அது எங்க வேலை. ஆனா ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கீங்களே! நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தான் மறைப்பீங்களா?"

இஸ்திரியக்கா படிவத்தை வாங்கி அந்த வரியை அடித்தாள்.

"கட்டில் வேணும். எனக்கு விடியக்காலை வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட ஆள் வேணும். இன்னொண்ணும் இருக்கு. தம்பி குடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னான்னா, கதவைச் சாத்த எனக்கு மனசு வராது. இதைச் சொன்னா பிள்ளையைத் தரமாட்டீங்கன்னுதான் பயந்தேன்."

"இதைச் சொல்லாம இருந்திருந்தாத்தான் தந்திருக்க மாட்டேன். அவர் சனிக்கிழமை எங்க ஆபீசுக்கு வந்து மகளைப் பார்க்கட்டும். வாசலுக்கு வந்தா எனக்கு உடனே போன் போடுங்க. விரட்டற பாவம் என்னோட போகட்டும்."

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

திங்களன்று முதலில் வந்தது புதுக்கட்டில். சாயங்காலம் ஆபீசரோடு பிள்ளை வந்தாள். வாசலிலேயே நின்று அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள் இவள். பிள்ளை கிட்டே வந்து அத்தையின் தோளில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இவங்கதான்" என்றாள் ஆபீசரிடம்.