கொட்டகை என்று எழுதினேன்

போன வாரம் மலாக்காவில் எங்கள் பேட்டையின் குடியிருப்பாளர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு — எங்கள் பேட்டையான காஜா பேராங் வளர்ந்த கதை. அந்தக் காலத்தில் நில அளவைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். விடுவேனா?

செம்மண் பாதை தார் ரோடானது, வரிசை வீடுகள் எழுந்தது... எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். மலாக்கா செட்டிப் பெண்மணி ஒருவர் மட்டும் எழுந்து மலாயில் கேட்டார்; தமிழ் வம்சம்தான், ஆனால் பல தலைமுறைகளாக மலாய் மட்டுமே பேசுகிறவர்கள். ரோட்டு வளைவில் அவருடைய தாத்தா கும்பிட்ட சின்னக் கோயில் இருந்ததாமே, அதைச் சொல்லவில்லையே?

வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை என்றேன்.

உண்மைதான், இல்லை. ஏன் இல்லை?

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. ரோட்டை அகலப்படுத்த அளந்துகொண்டிருந்தோம். பலாமரத்தடியில் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை; உள்ளே மஞ்சள் பூசிய கல். இன்னும் ஊர் திரும்பாத வெள்ளைக்கார அதிகாரி என்னிடம் கேட்டார் — இது கோயிலா? கோயில் என்றால் ரோட்டைப் பத்தடி தள்ளிப் போடலாம்.

அங்கிருந்த பெரியவரிடம் தமிழில் விசாரித்தேன். என்ன சாமி, யார் பூசாரி, என்ன மந்திரம்? சாமி என்ற சொல்லைத் தவிர அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இனி காமி புன்யா சாமி, துவான்," என்றார். இது எங்கள் சாமி, ஐயா. என் அப்பா வயது அவருக்கு.

அளவுச் சங்கிலி பிடிக்கும் சுப்பையா அண்ணன் என் காதருகே வந்தார். "தம்பி, மஞ்சள் இன்னும் காயல. காலையிலதான் பூசியிருக்காங்க. கோயில்னு எழுதிடுங்க."

"தமிழே பேசத் தெரியல, இவங்களுக்கு என்னண்ணே சாமி?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அதிகாரியிடம் திரும்பி, கொட்டகை சார் என்றேன். அப்படியே எழுதினேன்.

இடிக்கிற நாளில் பெரியவர் கல்லைச் சாரோங்கில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு தூக்கிக்கொண்டார். போகிற வழியில் நின்று எனக்கு நன்றி சொன்னார் — முன்கூட்டியே ஆள்விட்டுத் தகவல் சொன்னதற்காக.

தகவல் சொன்னது சுப்பையா அண்ணன். நான் அதையும் திருத்தவில்லை.

ஊரின் தலையெழுத்தைப் பெரிய மனிதர்கள் எழுதுவதாக நினைக்கிறோம். பல நேரம் எழுதுவது ஓர் இருபத்திரண்டு வயது மண்டைக்கனம்.

சங்கத்தில் அந்தப் பெண்மணியிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்... எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள், அவரால் படிக்க முடியாத மொழியில்!