மலையேறுற பைக்குக்கு நானே ஒயில் மாத்துறேன்

வெளிநாட்டுக்காரங்கள பைக்ல பின்னால ஏத்திக்கிட்டு மலை காட்டுற தொழில்ல, ஓட்டுறது ஒரு வேலையே இல்லைங்க. ஓட்டம் முடிஞ்ச பிறகு மல்லாக்கப் படுத்து எஞ்சினுக்கு அடியில பாக்குறதுதான் வேலை. நீங்களும் சொந்தக் கையால ஒயில் மாத்துற ஆளா இருந்தா நான் ஒண்ணும் விளக்கவே வேணாம். நகக்கண்ணுல கறுப்பு, முழங்கையில சிராய்ப்பு, வீட்டுல ஏச்சு. நம்ம எல்லாம் ஒரே கூட்டம்.

எனக்கு வீடு மாத்தளைக்கு மேல மலையில, இரத்தோட்டையில. எட்டு வருசம் சீகிரியாவுல ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வேன் ஓட்டினேன். வேன் அது பாட்டுக்கு ஓடும், பின்னால உள்ளவங்க தூங்குவாங்க, நானும் கொட்டாவி விட்டுக்கிட்டே போவேன். போன வருசந்தான் ஒரு பழைய இருநூத்தம்பது சிசி பைக்கை வாங்கினேன். காடு, மேடு, கல்லு ரோடு எல்லாத்துலயும் ஏறுற ரகம். நெஞ்சு உசரத்துக்கு சீட், கொக்கு மூக்கு மாதிரி முன் மட்கார்ட், ரெண்டு பக்கமும் பெட்டி. ஏறி உக்காந்தா தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரையெல்லாம் கீழ தெரியுது! அன்னையிலேருந்து நான் வேற மனுசன்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி ஒரு சிங்கள அம்மா. நாங்க மெடம்னுதான் கூப்பிடுவோம். பைக் பயணம்னு போர்ட் போட்டு எனக்கு வழி விட்டது அவங்கதான். ஆனா முதல் மாசத்துலயே விருந்தாளிய வச்சுக்கிட்டு ரெண்டு தடவ ரோட்டுல நின்னுட்டேன். ஒரு தடவ செயின் அறுந்துச்சு, ஒரு தடவ ஒயில் வத்திப் போச்சு. டவுன்ல மெக்கானிக் பாஸ்கிட்ட விட்டா மூணு நாளைக்குத் திரும்பிக் கிடைக்காது, விருந்தாளி அதுவரைக்கும் காத்திருப்பாங்களா? இனி நானே பாத்துக்குறேன்னு மெடம்கிட்டச் சொன்னேன். அவங்க கணக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாங்க: "மூணாவது தடவையும் வழியில நின்னா, நீ திரும்ப வேன்தான்."

வெள்ளைச் சட்டை

முதல் ஒயில் மாத்தத்துக்கு ஃபோன்ல வீடியோ பாத்தேன். அதுல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே எஞ்சினுக்கு அடியில உள்ள நட்டைக் கழட்டுறாரு, ஒயில் நூல் பிடிச்ச மாதிரி தட்டுல விழுது. அட, இவ்வளவுதானான்னு எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. கோயிலுக்குப் போய் வந்த சட்டையைக்கூட மாத்தல. பேசனை அடியில வச்சேன், எஞ்சினைச் சூடாக்கினேன், பதினேழாம் நம்பர் ஸ்பானரைப் போட்டேன்.

கடைசிப் புரி கழண்டுச்சு பாருங்க, ஐயோ சாமி! நட்டு சுட்டு, கையை உதறினேன். ஒயில் நேரா விழாம, பேசனைத் தாண்டி என் நெஞ்சுக்குப் பாய்ஞ்சிருச்சு. நான் புரண்டு தப்பினதும் மிச்சம் வாசப்படி வழியா கீழ் வீட்டுக்குப் புறப்பட்டுச்சு. சாம்பலை அள்ளிக்கிட்டு அது பின்னால ஓடினேன். எல்லாம் அடங்கினதும் என் வீட்டுக்காரி செல்வி, கதவுல சாஞ்சுக்கிட்டுக் கேட்டா: "அந்த வீடியோக்காரரும் வெள்ளைச் சட்டைதானே போட்டிருந்தாரு, உங்களது மட்டும் எப்புடிங்க கறுப்பாச்சு?"

வீட்டுக்குப் போனா மெலியிற பைக்

இந்த பைக்ல எஞ்சின் பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கு. பைக்கை நிமித்திப் பிடிச்சா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒயில் தெரியணும். நான் காலையில வீட்டுல பாப்பேன், ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ கிடக்கும். பதறிப்போய் கொஞ்சம் ஊத்துவேன். சீகிரியாவுல போய் நிறுத்திப் பாத்தா கண்ணாடி நிறைய ஒயில், மேல்கோடே தெரியாது! ஒயில் கூடினா சீல் அடிச்சுத் தள்ளிரும்னு கேள்விப்பட்டதால, அங்க படுத்துக் கொஞ்சம் வடிப்பேன். மறுநாள் வீட்டுல பாத்தா திரும்பக் குறைவு. திரும்ப ஊத்துவேன். திரும்ப வடிப்பேன்.

இப்புடியே ரெண்டு கிழமை. எனக்குத் தூக்கம் போச்சு. எஞ்சின் போகப்போகுது, வேன் சீட்டுதான் கதின்னு மனசு அடிச்சுக்குது. கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல த்ரீவீலர் ஓட்டுற சமன், நான் தினமும் ஒயில் வடிக்கிறதை வெத்தலை மென்னுக்கிட்டே பாத்துட்டு இருந்தான். கடைசியில ரொம்ப யோசிச்சு ஒரு முடிவைச் சொன்னான்: "மச்சான், இதுக்கு உன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல, அங்க போனா மெலிஞ்சிருது, இங்க வந்தா கொழுத்திருது."

கராம்புக் களம்

மர்மத்தை உடைச்சது மாத்தளை டவுன்ல ஸ்பேர் பாட்ஸ் கடை வச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவர். நான் கதையெல்லாம் கொட்டி முடிச்ச பிறகு, "பைக்கை எங்க நிப்பாட்டிப் பாக்குறீங்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. எனக்குத் தலையில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நம்ம ஊர்ல எது சமதரை? வாசல் சரிவு, ரோடு சரிவு, லயத்துக்கு ஏறுற பாதை படுசரிவு. வீட்டுல பைக் மூக்கு மேட்டைப் பாத்து நிக்கும், ஒயில் எல்லாம் பின்னால ஓடிரும், கண்ணாடியோ முன்பக்கம். சீகிரியா தட்டையான ஊர். அங்க கண்ணாடி உண்மை பேசியிருக்கு, நான்தான் நம்பல!

சமதரை தேடி அலைஞ்சேன். எங்க பக்கத்துல மட்டமா இருக்கிற ஒரே இடம், நாங்க ராத்தான்னு கூப்பிடுற பரீதா அக்கா வீட்டுக் களம். கராம்பு, மிளகு காயப்போடுறதுக்குன்னு சிமெந்து போட்டு, தண்ணி மட்டம் பாத்துக் கட்டினது. கேட்கவே வாய் கூசுச்சு, ஏன்னா அது கராம்பு சீசன். ராத்தா என்னையும் பாத்தாங்க, பைக்கையும் பாத்தாங்க. பொறவு கராம்பை ஒரு பக்கமா ஒதுக்கி, மூணு சாக்கு விரிச்சு இடம் விட்டாங்க. ஏறி நின்னு நிமித்திப் பாத்தா, ஒயில் ரெண்டு கோட்டுக்கும் சரி நடுவுல! நான் சந்தோசத்துல கத்தினதுல ராத்தாவோட கோழியெல்லாம் பறந்துச்சு. இப்ப கிழமைக்கு ஒருக்கா அங்கதான் பாக்குறேன். ஆனா ஏறுறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் ராத்தா சொல்றது இது: "தம்பி, வாங்க வாறவங்க மோந்து பாத்துத்தான் கராம்பு எடுப்பாங்க, ஒரு சொட்டு விழுந்துச்சின்னா அம்புட்டுக் கராம்பையும் நீங்கதான் பல்லுக்கு வைக்கணும்."

கல்லு வேணாம், ஃபில்டர் போதும்

ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தாரு. சீகிரியாக் கல்லுல விடியக்காலம் ஏறணும்னு டிக்கெட்டும் கையுமா வெளிய வந்தவர், பின்வாசல்ல நான் ஒயில் ஃபில்டர் மூடியைக் கழட்டுறதைப் பாத்துட்டாரு. அவ்வளவுதான், சட்டைக் கையை மடிச்சுட்டு என் பக்கத்துல உக்காந்துட்டாரு. பழைய ஃபில்டரைப் பிரிச்சு மடிப்பு மடிப்பா விரிச்சு, இரும்புத் தூள் இருக்கான்னு வெயில்ல பிடிச்சுப் பாத்தோம். ஒரு தூள் இல்ல! ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டோம், ஒயில் கையோடயே. செயினைக் கழுவினோம், ஏர் ஃபில்டரைத் தட்டினோம். பத்து மணி ஆயிருச்சு, கல்லு அங்கயே நின்னுச்சு.

காலைச் சாப்பாட்டு மேசை விரிப்புல பத்து விரலும் பதிஞ்சதைப் பாத்து மெடம் என்னைப் பாத்த பார்வை இருக்கே! நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த மனுசனோ பாண் துண்டைக் கடிச்சுக்கிட்டு அவங்ககிட்டயே இங்கிலீஷுல கேட்டாரு: "நாளைக்கு இவர் வேற என்ன கழட்டப் போறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சப்பாத்து ஈரம்

இப்ப சொல்லப்போறது எனக்கு நெஞ்சு நின்ன கதை. கனடாவுலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. பிறந்தது யாழ்ப்பாணம், வயசு அறுபதுக்கு மேல. பேரப்புள்ளைங்க எல்லாம் வேன்ல போக, "எனக்கு பைக்தான் வேணும்"னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அன்னைக்கு விடியக்காலம் கெஸ்ட் ஹவுஸ் பின்னால புது ஒயில் மாத்தினேன். பழசை வடிச்சு, நட்டைக் கையால திருகி வச்சுட்டு ஸ்பானரை எடுக்குறேன், மெடம்கிட்டேருந்து ஃபோன் கோல். முப்பதடி தள்ளி குசினியில இருந்துக்கிட்டு, அந்த அம்மா மதியத்துக்கு முட்டை சாப்பிடுவாங்களான்னு கேட்டாங்க. போய்க் கேட்டு, வந்து பதில் சொல்லி, புது ஒயிலை ஊத்தி, மூடியை இறுக்கி, ஸ்பானரைப் பெட்டியில போட்டேன். என்ன விட்டுப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியல.

நாலந்தா தாண்டி, மாத்தளை தாண்டி, இரத்தோட்டைக்கு மேல வளைவு வளைவா ஏறினோம். மூடுபனி, தேயிலை, முகத்துல குளிர் காத்து, பின்னால அந்த அம்மா சின்னப் புள்ள மாதிரி கத்துறாங்க. எனக்கும் ஒரே குஷி. அப்பதான் தோள்ல தட்டி, "தம்பி, மழை ஒண்டும் பெய்யேல்லை, என்ர சப்பாத்து ஏன் ஈரமாக் கிடக்கு?"ன்னு கேட்டாங்க. அதே நேரம் பின் டயர் வளைவுல லேசா வழுக்குச்சு. குனிஞ்சு அவங்க ஷூவைப் பாத்தேன். ஒயில்!

ஒரு நொடி, ஒரே நொடிதான், போயிரலாமான்னு நினைச்சேன். உச்சி இன்னும் ரெண்டு வளைவு. நின்னா மூணாவது தடவை, நாளையிலேருந்து வேன். நிக்கலைன்னா எஞ்சின் இறுகிரும், இல்ல டயர் வழுக்கி ரெண்டு பேரும் பள்ளத்துல. நிறுத்திட்டேன். அழுகையே வந்திருச்சுங்க, பொய் சொல்லல. நட்டு ரெண்டே ரெண்டு புரியில தொங்குது. "தப்பு என்னோடதுதாங்கம்மா, இறுக்க மறந்துட்டேன்"னு ஒளிக்காம சொன்னேன். அவங்க கோவிக்கல. தரையில உக்காந்து, "ஸ்பானரைத் தாரும், நான் இறுக்கிறன்"னு சொல்லிட்டாங்க. நான் இடம் காட்ட, அவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கினாங்க. பெட்டியில இருந்த மிச்ச ஒயிலை ஊத்தி, சவர்க்காரமும் ஓடைத் தண்ணியும் போட்டு டயரைத் தேச்சோம். ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு சொட்டு இல்ல! உச்சிக்கும் போயிட்டு வந்தோம்.

கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல மெடம் நின்னாங்க. நான் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல, அந்த அம்மா ரெண்டு கறுப்புக் கையையும் நீட்டி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நட்டு, வழுக்கல், நின்னது, ஒண்ணு விடல. "நாப்பது வருசம் கார் ஓடுறன், ஒருத்தரும் என்னை ஒரு நட்டுத் தொடவும் விடேல்லை"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மெடம் குனிஞ்சு எஞ்சினுக்கு அடியில பாத்தாங்க. அப்புறம் சிங்களத்துல சொன்னாங்க: "நாளைக்கு ஒம்பது மணிக்கு பைக்ல போக ஒருத்தர் இருக்காரு, நீ புறப்படுறதுக்கு முன்னால நானே இறுக்கிப் பாக்கணும், அந்த ஸ்பானரை என்கிட்டத் தா."

அதிலேருந்து தினமும் காலையில மெடம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு என் நட்டை இறுக்குறாங்க, ஆனா அன்னைக்கு அது இறுகாமப் போனது யாரோட ஃபோன் கோலாலன்னு நான் இன்னும் சொல்லல, நீங்களும் தயவுசெஞ்சு சொல்லிராதீங்க.