ஊருக்குப் போகாத தலைவர்

பொங்கல் கூட்டத்தில், திருப்பூர் பேருந்து நிலையத்தில் எங்கள் பைகளையெல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டு அவர் மட்டும் கீழேயே நின்றுகொள்வார். வண்டி திரும்பும்வரை கையை அசைப்பார். பனியன் கம்பெனிகளுக்குப் பிழைக்க வந்த தெக்கத்தி ஆட்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இந்துவோ கிறிஸ்தவரோ, எங்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, வண்டி பிடித்து, உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைப்பவர். அவருடைய ஊர் எதுவென்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "தெக்கதான்" என்பார்.

அம்மா அவரை நம்பியதே இல்லை. "ஊர்ப்பக்கமே போகாத மனுசன் அங்க என்னத்தையோ செஞ்சிட்டுத்தான் வந்திருக்கான்" என்பாள். கொலைக் கேஸ் என்றது ஒரு பேச்சு. இரண்டு குடும்பம் என்றது இன்னொன்று. செக்கிங் மேசையில் துணியில் ஓட்டை தேடுவதுதான் என் வேலை. அதே கண்ணோடு அவர் பேச்சிலும் தேடினேன்.

அப்பா நிட்டிங் மெஷின் அருகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஷிப்மெண்ட் நெருக்கடி, கூட வர ஆள் இல்லை. மறுநாள் காலை, அப்பாவின் உடலை ஊருக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்சில் தலைவரே ஏறிக்கொண்டார். அந்த அழுகையிலும் அம்மா என் கையைக் கிள்ளி, "அந்தாளு மேல ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றாள்.

கோவில்பட்டி தாண்டியதும் அவர் துண்டால் தலையை மூடிக்கொண்டார். ஊர்ச்சாலை பிரியும் ஒரு விலக்கு வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, இங்கீங்களா? இங்க ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் டிரைவர். அவர் திருப்பூர்க்காரர்.

"இனி ரோடு எங்க ஊருக்குள்ளதான் போவுது. நான் வரக்கூடாது. திரும்பி வரும்போது இங்கயே நிப்பேன்."

அப்பாவின் கால்மாட்டில் இருந்தபடியே அம்மா கேட்டுவிட்டாள்: "என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"எங்கண்ணன் ஒருத்தன வெட்டுனான். கோர்ட்டுல நான் பாத்ததச் சொன்னேன், தாயி. அதுக்குப் பொறவு அந்த ஊரு எனக்கு இல்ல."

அப்பாவின் காரியத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். விசாரித்தோம். உண்மையைச் சொன்ன மனுசன் என்றார் ஒருவர். வெட்டினவனே அவன்தான், பழியை அண்ணன் தலையில் போட்டுவிட்டான் என்றார் மற்றவர். அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் சாய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் தலைவர் இறந்தார். சங்கத்தார் அந்த ஊருக்குப் போன் செய்தார்கள். "இங்க கொண்டு வராதீங்க" என்று பதில் வந்தது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அம்மாதான் முன்னால் வந்தாள். "எம்புருசன ஊரு கொண்டுபோய்ச் சேத்தவரு. இங்கயே, நாமளே எடுத்துப் போடுவோம்."

மின்மயானத்தில் ஒடிசாப் பையன்கள்கூட வந்து நின்றார்கள். உடலை உள்ளே தள்ளப் போகும் நேரத்தில் ஒரு கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அதே நெற்றி, அதே மூக்கு. "நான் அவன் அண்ணன்" என்றார். தண்டனை முடிந்து எப்போது வெளியே வந்தார், யார் அவருக்குத் தகவல் சொன்னார்கள், தெரியவில்லை. பலர் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து, தலைவரின் காதருகே ஏதோ சொன்னார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியேறிவிட்டார்.

"பக்கத்துலதான நின்ன, என்ன சொன்னான்?" என்று அம்மா இன்றும் கேட்கிறாள். என் காதில் விழவில்லை என்கிறேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள்.