கப்பல் அண்ணாச்சியின் பீர் கதைகள்

கேட் பக்கத்து ஸ்டூலில் அவருடைய டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. இன்று காலையில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். எட்டு மணிக்கெல்லாம் அதில் டீ இருக்கும்...

உள்ளே அடுப்பு எரியவில்லை. "கப்பல் அண்ணாச்சி போய்ட்டாவட்டி" என்றார் சூப்பர்வைசர் அக்கா. ரத்த வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் கடலைமிட்டாய் கம்பெனிக்கு அவர்தான் வாட்ச்மேன். பெயர் சண்முகம். இருபது வருஷம் கப்பலில் சமையல் வேலை. அவர் மனைவி பேச்சியக்கா என்னோடு பேக்கிங் டேபிளில் இருக்கிறார்.

டீ டைம் வந்தால் அண்ணாச்சிக்கு ஒரே பேச்சுதான். எந்த நாட்டில் எப்படி பீர் குடிக்கிறார்கள் என்று...

ஆப்பிரிக்காவில் ஒரு ஊரில் நடுவில் பானையை வைத்து, சுற்றி உட்கார்ந்து நீளக் குழலால் உறிஞ்சுவார்களாம். "எச்சில்லா அண்ணாச்சி!" என்று ஒரு அக்கா முகம் சுளித்தார். "ஆளுக்கொரு குழல்ட்டி. ஒன்னயக் கூப்பிட்டா மட்டும் போவ மாட்டியாக்கும்!"

ஜப்பானில் யாரும் தனக்குத் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார்களாம். பக்கத்தில் இருப்பவர் டம்ளரைப் பார்த்து ஊற்ற வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் டீயும் அப்படித்தான். தூக்குவாளியைத் தன் டம்ளருக்குச் சாய்த்தால் "ஏட்டி, ஜப்பான்!" என்று சத்தம் வரும்.

ஜெர்மனியில் கிளாஸை முட்டும்போது கண்ணைப் பார்க்க வேண்டுமாம். "நீ அங்கன போனா ஒருத்தனும் ஒன்கூட கிளாஸ் முட்ட மாட்டான். எப்பப் பாத்தாலும் தரையவே பாக்க" என்று என்னைக் கேலி செய்வார். நான் அதற்கும் தரையைத்தான் பார்ப்பேன்.

பேச்சியக்காவுக்குக் கோபம் வரும். "ஊர் ஊரா குடிச்சத சொல்லுதியளே, வெக்கமா இல்ல?"

"குடிக்கக் கூடாதுன்னுதான டாக்டர் சொன்னாரு. பேசக் கூடாதுன்னு சொல்லலியே!"

ஈரல் கெட்டுப்போயிருந்தது. இனி ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரெண்டு வருஷமாகத் தொடவில்லை. அக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

மூன்று மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒயின் ஷாப் பின்பக்கக் குறுக்குப் பாதையில் போனேன்.

முள்வேலி ஓரம் வரிசையாக ஆட்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்து நின்றபடி பிளாஸ்டிக் கப்பை மடமடவென்று காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தார்கள். கடைசி ஆள் அண்ணாச்சி.

அவரே அவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பேச்சிட்ட சொல்லிராதட்டி. இன்னைக்கு ஒருநாள்தான்..." முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் டீ டைமில் கதை நின்றுவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கே போய்விடுவார்.

"அவிய கண்ணு மஞ்சளாத் தெரியுதே... நீ கேட் பக்கம்தான உக்காந்திருக்க, திரும்பவும் குடிக்காவளா? எதும் பாத்தியாட்டி?" என்று பேச்சியக்கா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்று தலையாட்டினேன். மிட்டாயை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டே.

போற இடத்துல யாராச்சும் உங்க டம்ளரைப் பாத்துக்கிடட்டும் அண்ணாச்சி...

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டி ஓரம் உட்கார்ந்திருந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இப்பமாவது உண்மையச் சொல்லு. நீ பாத்தியா?"

நிமிர்ந்து அக்காவின் கண்ணைப் பார்த்தேன். "பாத்தேன்க்கா" என்றேன்.