வெரளிக்காய் போட்ட சுப்ரீம் பீட்சா

காலை எட்டு மணிக்குப் பீட்சா தின்று சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கனடாவில் நான் வேலை செய்யும் உறைபீட்சாத் தொழிற்சாலையில், தடுப்புகள் வைத்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்காக அங்கே சிவப்பு விளக்குத்தான் எரியும். சுவரிலுள்ள குட்டிக் கதவு திறக்கும், ஒரு கை மட்டும் வந்து இரண்டு விரல் அகலத் துண்டொன்றை வைத்துவிட்டுப் போகும். கைக்குரியவரின் முகம் தெரியாது. அநேகமாக அது சுப்ரீம் பீட்சாவாக இருக்கும். இறைச்சி, கறிமிளகாய், வெங்காயம், காளான், ஒலிவ் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தூவியதற்குத்தான் அந்தப் பெரிய பெயர். மென்று, கோப்பையில் துப்பி, வாயைக் கொப்பளித்து, தாளில் ஒன்பதுக்கு எத்தனை என்று புள்ளி போடவேண்டும். துப்பப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

பெட்டி கட்டும் பகுதியில் நின்று நின்று முழங்கால் போனபிறகுதான் இந்தக் கதிரை எனக்குக் கிடைத்தது. முதல் மாதம் வந்த எல்லாத் துண்டுக்கும் ஒன்பது போட்டேன். மேற்பார்வையாளர் கேரல் கூப்பிட்டு, எல்லாமே உனக்கு உண்மையில் பிடிக்கிறதா என்று கேட்டார். "சாப்பாடுதானே" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடி விடவில்லை. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் நான் வளர்ந்தபோது ஒரு தட்டுப்பாட்டுக் காலம் இருந்தது. வண்டு விழுந்த மாவைச் சலித்து அம்மா ரொட்டி சுடுவார். கசக்கும். அதிலும் ஒரு துண்டு குறைந்துவிடுமோ என்றுதான் எங்களுக்குப் பயமே தவிர, கசக்கிறது என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. அப்படி வளர்ந்தவனுக்குக் குறை சொல்வதைப் பாடமாக எடுத்தார்கள். அடி நனைந்திருக்கிறதா, சீஸ் ரப்பராக இழுக்கிறதா, வெங்காயம் பச்சை வாடை அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இப்போது என்னைவிடக் கெட்டிக்காரன் அங்கே இல்லை. ஆனால் எதைத் தின்றாலும் வாய் அதன்பாட்டில் வேலை செய்கிறது. கல்யாண வீட்டுச் சோற்றையும் கோயில் பொங்கலையும்கூடக் குறை பார்க்காமல் விடுவதில்லை. ஓய்வில்லாத நாக்கோடு வாழ்வது அலுப்பான காரியம்.

இந்த வருடம் லீவில் கண்டிக்குப் போய்க் கட்டுகஸ்தோட்டையில் தங்கை வசந்தா வீட்டில் தங்கினேன். ஹோட்டல் குசினியில் இருபது வருடம் வேலை செய்தவள். ஆட்களைக் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே பீட்சா செய்து உறையவைத்து விற்கலாம் என்று முன்னறையில் ஒரு பெரிய டீப் ஃபிரீசரை வைத்திருந்தாள். அக்குறணையில் ஒரு பெரிய கடை வாரத்துக்கு முப்பது பீட்சா எடுக்கத் தயாராக இருந்தது. அது அமைந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள், அமையாவிட்டால் வேறு வழியில்லை என்பதை அவள் சொல்லாமலே நான் விளங்கிக்கொண்டேன். கடை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். நல்ல மனிதர். வசந்தாவின் அண்ணனுக்குக் கனடாவில் இதுதான் தொழில் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்.

"பயமா இருக்குண்ணே" என்றாள் வசந்தா, பஸ்ஸில் பீட்சாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

"நான் இருக்கேன்ல" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கடையின் பின்னறையில் ஒரு சின்ன ஓவன் இருந்தது. பீட்சா வெந்து வந்ததும் ஹாஜியார் முதல் துண்டை என் பக்கம் தள்ளினார். "நீங்க தின்னுங்க தம்பி. நமக்கு என்ன தெரியும், நீங்க சொல்றதுதான் முடிவு." வசந்தா உட்காரவில்லை. நான் துண்டைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஓரத்தைக் கிள்ளினேன். கடித்தேன். கோழி இறைச்சி நார்நாராகப் பிரிந்து தண்ணீர் விட்டது. ரொட்டியின் நடுவில் களிபோல ஒரு படை. ஒலிவுக்குப் பதிலாக, நம் ஊரில் அச்சாறு போடுகிற வெரளிக்காயை உப்பில் ஊறவைத்து நறுக்கிப் போட்டிருந்தாள். அந்தப் புளிப்பு சீஸின் கொழுப்பை அறுத்துக்கொண்டு போனது. எங்கள் தொழிற்சாலையில் இத்தனை பேர் இத்தனை வருடமாக மூளையைக் கசக்கியும் வராத ருசி அது.

"எப்படி ஈக்கி தம்பி?" என்றார் ஹாஜியார்.

"இது ஒருக்கா இளகி மறுபடி உறைஞ்சிருக்கு" என்றேன். கேரலிடம் சொல்கிற அதே குரல். "கோழி போட்டது. இத விக்கிறது சரியில்ல."

ஹாஜியார் கையிலிருந்த துண்டைத் தட்டில் மெல்ல வைத்தார். "அப்ப இப்போதக்கி வாணாம் தங்கச்சி" என்றார் கனிவாக. "பொறகு ஒரு நாளக்கிப் பாப்பம்." எங்களுக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். வசந்தா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பஸ் கட்டுகஸ்தோட்டையை நெருங்கியது. வசந்தா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க சொன்னது சரிதான். முந்தாநாள் நீங்க வெளிய போயிருந்தப்ப பத்து மணித்தியாலம் கரண்ட் இல்ல. ஐஸ் கொஞ்சம் மிச்சம் இருந்திச்சு, தாங்கும்னு நெனச்சேன்."

"யாருக்காவது வயித்துக்கு ஆகாமப் போனா ஒன் பேருதான் கெடும்மா."

"தெரியும்ண்ணே. பஸ் ஏறுறதுக்கு முந்தி ஒரு துண்டு வாயில வச்சுப் பாத்து எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் போயிருக்கவே மாட்டேன்."

அவள் அண்ணனாகப் போகவேண்டிய இடத்துக்கு நான் தொழிற்சாலைக்காரனாகப் போயிருக்கிறேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் யார் முன்னால் சொல்கிறோம் என்று பார்க்கிற புத்தியைச் சுவரிலிருந்து வருகிற அந்தக் கை என்னிடமிருந்து எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே துண்டுக்குப் பின்னால் ஆள் இல்லை. இங்கே ஆள் என் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"வெரளிக்காய் ரொம்ப நல்லாருந்துச்சு வசந்தா" என்றேன்.

"அத அங்க சொல்லலியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஃபிரீசரிலிருந்ததையெல்லாம் வெளியே கொட்டினாள். இரண்டு நாள் கழித்துப் புது மாவு பிசைந்தாள். அன்று பின்னேரம் நான் முன்னறையில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எனக்குப் பயணம். குசினியிலிருந்து சூடான சீஸ் வாசம் வந்தது. வசந்தா பக்கத்து வீட்டு மெனிக்கேயைப் பின்கதவால் அழைத்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அந்த அம்மா வாய் நிறைய வைத்துக்கொண்டு "ரசாய், ரசாய்" என்றார். ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். இருவரும் சிரித்தார்கள். என் தங்கை அப்படிச் சிரித்து அந்த லீவு முழுக்க நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். "ஒங்களுக்கு சோறு போடவாண்ணே? கத்தரிக்காய் வச்சிருக்கேன்."

எனக்கும் ஒரு துண்டு பீட்சா தா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் தந்திருப்பாள். தந்துவிட்டு, நான் மென்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"சோறே போடும்மா" என்றேன்.